பரிந்துரைக் கடிதத்தில் எந்தச் சொல்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் மனம் லேசாயிற்று. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குப் பல் முளைக்கிறது; இரவில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உன் மாணவி லண்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவள் நன்றாகச் செய்வாள் என்ற உறுதியைப் பரிந்துரைக் கடிதத்தில் சொல்ல 'ஐ ஆம் ஷ்யூர்' என்பதா, 'சர்ட்டன்' என்பதா, 'கான்ஃபிடன்ட்' என்பதா என்று கேட்டிருந்தாய். அகராதியில் மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகள்தான். படிப்பவர் மனத்தில் அப்படியில்லை.

'அவள் நன்றாகச் செய்வாள், ஐ ஆம் ஷ்யூர்' என்பதை ஆங்கிலேயர் ஆறுதலாகவும் வாழ்த்தாகவும் சொல்லிச் சொல்லி, அதன் பலம் கரைந்துவிட்டது. பரிந்துரையில் அது வெறும் மரியாதைப் பேச்சாகக் கடந்துபோகும். 'சர்ட்டன்' என்றால் கையில் சான்று இருப்பதாகத் தொனிக்கும். இனி நடக்கப்போவதற்கு யாரிடம் சான்று இருக்கிறது? 'கான்ஃபிடன்ட்' என்பதில்தான் நீ நிற்கிறாய்: அவளைப் பழகிப் பார்த்த ஆசிரியர், தன் கணிப்பைத் தன் பொறுப்பில் சொல்கிறார். என் வாக்கு அதற்கே.

'நோ டவுட்' என்று மட்டும் தொடங்கிவிடாதே. நம் காதுக்கு அது 'சந்தேகமே இல்லை' என்று ஓங்கி ஒலிக்கும். ஆனால் 'நோ டவுட் ஷி வில் சக்சீட்' என்று எழுதினால், 'அநேகமாக வெற்றி பெறுவாள்' என்ற அளவுக்கே ஆங்கிலேயர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹாவ் நோ டவுட்' என்று எழுது. அப்போதுதான் நீ நினைக்கும் உறுதி வரும். 'கவலையே வேண்டாம்' என்று பொருள்படும் 'ரெஸ்ட் அஷ்யூர்ட்' வேண்டவே வேண்டாம், அதில் வியாபாரக் கடித வாடை அடிக்கிறது.

பேச்சில் இவ்வளவு மெலிந்துபோன 'ஷ்யூர்', இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றத்தில் எத்தனை கனம் பெறுகிறது பார். 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்ற தொடர், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியைக் குழப்புகிறது என்று கருதிய தலைமை நீதிபதி கோடார்ட், சாட்சியத்தைக் கேட்டு 'ஷ்யூர்' என்று உணர்ந்தால்தான் குற்றவாளி எனத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஜூரிக்கு எடுத்துரைப்பதே நல்லது என 1952-ல் சொன்னார். இன்றும் அங்கே ஜூரிக்குச் சொல்லப்படும் சொல் பெரும்பாலும் அதுதான். ஒரு மனிதனின் விடுதலையே அதில் தொங்குகிறது! 'ஷ்யூர்' வேறு, 'சர்ட்டன்' வேறு என்று ஜூரிக்குப் பிரித்துக் காட்டுவது உதவாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் கூறியது. எனக்கு அது சரியாகவே படுகிறது. சிறைக்கதவுக்கு முன்னால் நின்று யாரும் நுண்பொருள் ஆராயக் கூடாது.

எனக்கு அதைவிட நெருக்கமானது ஷெர்மன் கென்ட்டின் அனுபவம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துவிட்டு, அந்நாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்குப் போனவர் அவர். 1951-ல் யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுக்கும் 'சீரியஸ் பாசிபிலிட்டி', அதாவது பொருட்படுத்த வேண்டிய சாத்தியம், உண்டு என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். எவ்வளவு வாய்ப்பு என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்க, நடக்க 65, நடக்காமலிருக்க 35 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார், அவர் மிகக் குறைவாக எண்ணியிருந்தார். கென்ட் தன் சகாக்களிடமே விசாரித்தார். அந்தச் சொல்லை ஒருமனதாக ஏற்றவர்களின் கணக்கு 20 முதல் 80 விழுக்காடு வரை சிதறிக் கிடந்தது. ஒரே மேசை, ஒரே சொல், ஆளுக்கொரு பொருள். பிறகு 1964-ல் எழுதிய கட்டுரையில், 'ஆல்மோஸ்ட் சர்ட்டன்' (கிட்டத்தட்ட நிச்சயம்) என்றால் 93 விழுக்காடு, ஆறு கூடலாம் குறையலாம் என்பதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் எண் வைத்துக் காட்டினார். படையெடுப்பு நடக்கவே இல்லை என்பது தனிக்கதை.

உன் மாணவிக்கு விழுக்காடு போட முடியாது. 'கான்ஃபிடன்ட்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவள் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாள் என்பதைச் சொல். தேர்வுக்குழு அந்த வரியைத்தான் தேடும். வரைவை அனுப்பினால் அன்றே பார்த்துத் தருகிறேன்.

ஆவணியில் ஒரு திருமணத்துக்கு உன் ஊர்ப்பக்கம் வருகிறேன். அம்மாவைப் பார்க்க வேண்டும். எந்த நேரம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்