வருஷத்தைக் கேட்டுவிட்டு விலையைப் பேசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்வீடனில் யோன்ஷொப்பிங்கில் பழைய ஹஸ்க்வர்னா மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் அது எந்த வருஷத்து வண்டி என்று கேள். பெயர் ஒன்றுதான், பிறந்த ஊர்தான் வேறு வேறு.

ஹஸ்க்வர்னா ஊர் உனக்குப் பக்கம்தானே. அங்கே 1689-இல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி இது. டேங்கில் இருக்கும் முத்திரை கிரீடம் மாதிரித் தெரியும். உண்மையில் அது துப்பாக்கிக் குழலின் வாயும் அதன் குறிமுள்ளும். 1903-இல் பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனியின் என்ஜினை வைத்து மோட்டார் சைக்கிள் செய்தார்கள். சொந்தமாக 550 சிசி வி-ட்வின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள என்ஜின், வர 1920 ஆனது.

நீ பார்த்த வண்டி சில்வர்பிலன் என்ற மாடலாக இருந்தால் விடாதே. 1955-இல் வந்த 175 சிசி டூ ஸ்ட்ரோக். 75 கிலோவுக்குள் இருந்தால் 16 வயதுப் பிள்ளைகள் ஓட்டலாம் என்று அங்கே சட்டம் இருந்ததால், கிராம் கிராமாகக் குறைத்துச் செய்த வண்டி. பெயருக்கு வெள்ளி அம்பு என்று அர்த்தம். இப்போது வரும் விட்பிலன், ஸ்வார்ட்பிலன் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். அவற்றில் 401 என்ற மாடல் நம் புனே பக்கம் சாக்கனில் பஜாஜ் ஆலையில் தயாராவது.

அப்புறம் மோட்டோகிராஸ் காலம், அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் பந்தயம். ஹஸ்க்வர்னா ஓட்டிய ஸ்வீடன் வீரர் டோர்ஸ்டன் ஹால்மன் 250 சிசியில் நான்கு முறை உலக சாம்பியன்: 1962, 63, 66, 67. அந்தப் பேரால்தான் பழைய கிராஸ் வண்டிக்கு இன்றும் விலை ஏறி நிற்கிறது. 1970-களின் 'மேக்' மாடல் என்றால் என்ஜின் உறையைத் தடவிப் பார். அது மக்னீசியம், ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

டூ ஸ்ட்ரோக் எதுவானாலும் கிராங்க் ஆயில் சீலைத்தான், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் அடைத்து நிற்கும் ரப்பர் வளையத்தைத்தான் சந்தேகப்படு. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் இறுகிவிடும். மேக்னட் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேசிங் இறங்காமல் நின்றால் அதுதான் அறிகுறி. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்காது, கியர் ஆயில் அளவும் குறையும். பெட்ரோலில் ஆயில் கலக்க மறக்காதே. அந்த மாடலின் கையேட்டில் 25:1 என்று இருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில்.

1987-இல் மோட்டார் சைக்கிள் பிரிவை இத்தாலியின் கஜிவாவுக்கு விற்றுவிட்டார்கள். தயாரிப்பு வரேசேக்குப் போனது. போக மனமில்லாத சில என்ஜினியர்கள் ஸ்வீடனிலேயே ஹுசாபெர்க் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஹஸ்க்வர்னா பிறகு 2007-இல் பிஎம்டபிள்யூ, 2013-இல் ஆஸ்திரிய கேடிஎம் கம்பெனியின் அப்போதைய முதலாளி ஸ்டெஃபான் பியரர் என்று கைமாறியது. ஹுசாபெர்க்கும் ஹஸ்க்வர்னாவிலேயே கரைந்தது. அதனால் ஸ்வீடன் வண்டிக்கு ஷோரூமில் போய் சாமான் கேட்டுப் பிரயோஜனமில்லை. பழைய வண்டிச் சாமான் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் என்ஜின் நம்பர், ஃபிரேம் நம்பர் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. பதிவுத்தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா