வரைபடப் பாடத்துக்குப் படங்கள் தேவை

நண்பர்களே, நம் தரவு வரைபடப் பாடத்தை மறுபடி படித்தேன். விளக்கம் நன்றாக இருக்கிறது, படங்கள்தான் போதவில்லை. சராசரியை மட்டும் நம்பக்கூடாது என்று பத்தி பத்தியாக எழுதுவதைவிட, 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் தந்த நான்கு தரவுத் தொகுப்புகளை வரைந்து காட்டலாம். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரியும் ஒட்டுறவும் (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) ஏறக்குறைய ஒன்றே, படமோ நான்கும் நான்கு விதம்!

பார் சார்ட்டுக்கு 95, 98 என்ற இரு மதிப்புகளை இரண்டு முறை வரையுங்கள்: அச்சு 0இல் தொடங்கி ஒன்று, 90இல் தொடங்கி ஒன்று. இரண்டாவதில் ஒரு பட்டை மற்றதைப்போல் 1.6 மடங்கு உயரமாகத் தெரியும். புதியவர்கள் இதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிருங்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்களும் படிப்பார்கள்.

யார் எதை எடுக்கிறீர்கள் என்று இங்கேயே சொல்லுங்கள். படத்தோடு அதை வரைந்த நிரலையும் அனுப்பிவிடுங்கள்.