வண்டியின் வாலைப் பார்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். காட்பாடியில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொன்னாயே, அந்தக் காலத்து கார் டிசைனர்களுக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் எல்லாம் புரிந்தது என்று. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. போனில் நீளமாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1921ல் பெர்லின் கண்காட்சியில் எட்மண்ட் ரும்ப்ளர் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மேலேயிருந்து பார்த்தால் நீர்த்துளி வடிவம். 1979ல் அதில் மிஞ்சியிருந்த ஒன்றை ஃபோக்ஸ்வாகன் விண்ட் டனலில், அதாவது காற்றை ஊதிச் சோதிக்கும் கூடத்தில், வைத்து அளந்தார்கள். சி.டி. எண் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் எண், குறைந்தால் நல்லது) 0.28 வந்தது! இன்றைக்கு வேலூர் ஷோரூம்களில் நிற்கும் எத்தனையோ வண்டிகள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. 1934ல் செக்கோஸ்லோவாகியாவில், காற்றுக்கு ஏற்ற வடிவத்தில் டாட்ரா 77 என்ற கார் வந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் அதே எண்ணத்தோடு கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ வந்தது. அதன் மூக்கு ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, 1937ஓடு நிறுத்திவிட்டார்கள். அந்த அடியைப் பார்த்துப் பயந்துதான் மற்ற கம்பெனிகளும் ரொம்ப நாள் காற்றுப் பக்கம் போகவில்லை என்பது என் எண்ணம். அறிவு இருந்தது. வாங்க ஆள் இல்லை.

நீ இருக்கும் ஸ்டுட்கார்ட்டிலேயே 1930களில் வுனிபால்ட் காம் என்ற பேராசிரியர் இருந்தார். நீர்த்துளி வால் நீளமாக இழுத்துக்கொண்டே போகும், அதை ரோட்டில் வைத்து ஓட்ட முடியாது. கொஞ்ச தூரம் சரித்துக்கொண்டு வந்து, பிறகு கத்தியால் நறுக்கியது போல வெட்டிவிட்டால் போதும், நீளமான வாலின் பலனில் பெரும்பங்கு கிடைக்கும் என்று அவர் காட்டினார். நம் வீட்டு காபி டம்ளரை நினைத்துப் பார். விளிம்பு மெல்லிசாக வெளியே மடிந்திருப்பதால் எவ்வளவு தூக்கி ஆற்றினாலும் காபி ஒழுங்காக டபராவில் விழுகிறது. விளிம்பு உருண்டிருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் பக்கவாட்டில் வழிந்து அடியெல்லாம் ஈரம். உருண்டையான பின்பக்கத்தில் காற்றும் எங்கே விட்டுப் போவது என்று தெரியாமல் தடுமாறும். கூர்மையான விளிம்பு அந்த இடத்தை அதற்குக் காட்டிக்கொடுக்கிறது.

ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில், ஃபேன் பிரிவு டிராயிங் ஆபீசில் இருந்த காலத்தில் நாங்கள் படித்த பாடமும் இதுதான். ஃபேனை விட்டு வெளியே வரும் குழாய் மெதுவாக விரிய வேண்டும். அவசரப்பட்டு விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், மோட்டார் தின்ற கரண்ட் வீண். காற்று முன்னால் முட்டுவதைவிடப் பின்னால் பிரியும் இடத்தில்தான் சக்தி அதிகம் போகிறது. அதனால் எந்த காரைப் பார்த்தாலும் நான் முதலில் வாலைத்தான் பார்ப்பேன்.

போன மாதம் சித்தூர் ரோட்டில் ரோடு போடும் வேலை நடந்தது. எதிர்வீட்டு ஹேட்ச்பேக்கும் உன் மாமாவின் செடானும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியாகத்தான் வந்தன. செடானின் பின்கண்ணாடியில் லேசான படிவுதான். ஹேட்ச்பேக்கின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குச் செம்மண். கூரை சட்டென்று முடிகிற இடத்தில் காற்று பிரிந்து, பின்னால் ஒரு சுழல் உண்டாகி, டயர் கிளப்பிய புழுதியை அப்படியே திரும்ப இழுத்துக் கண்ணாடியில் அப்பியிருக்கிறது. பின்வைப்பர் ஹேட்ச்பேக்கில் இருக்கிறது, செடானில் இல்லை, ஏன் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? உங்கள் கம்ப்யூட்டர் கலர் கலராகக் காட்டுவதைப் புழுதி அந்தக் கண்ணாடியிலேயே வரைந்து வைத்திருந்தது.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாக்காரர்கள் மறுபடி ஒழுங்காக வேலை செய்தார்கள். 1982ல் வந்த ஆடி 100 காரின் சி.டி. 0.30. கண்ணாடிகளைக் கதவோடு சமமாகப் பொருத்தினார்கள். நம் அம்பாசடரில் கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிய ஒரு தகரக் கால்வாய் ஓடுமே, அந்த மாதிரி சின்னச் சின்ன நீட்டல்களையெல்லாம் தேடித்தேடி எடுத்தார்கள். இவ்வளவும் கற்ற பிறகு, இன்று உலகமே உயரமான எஸ்.யூ.வி. பின்னால் ஓடுகிறது. உன் புராஜெக்டும் அப்படி ஒரு வண்டிதான் என்கிறாய். அதன் சி.டி. 0.33 என்று வைத்துக்கொள். முகப்புப் பரப்பு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் வண்டி அடைக்கும் இடம், 2.7 சதுர மீட்டர் இருந்தால் இரண்டையும் பெருக்க 0.89. ஒரு பழைய சின்ன காரின் சி.டி. 0.36, பரப்பு 1.8 என்றால் 0.65தான். காற்றுக்கு இந்தப் பெருக்கல்தான் கணக்கு. விளம்பரத்தில் ஒரு பாதியை மட்டும் சொல்வது சரியில்லை.

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் இதெல்லாம் பொருட்டில்லை, அங்கே எடைதான் பேசும். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி பெங்களூர் பக்கம் வேகம் பிடிக்கும்போதுதான் தெரியும். 60ல் போவதை 120 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு, அதை வெல்லத் தேவையான சக்தி 8 மடங்கு. பேட்டரி வண்டியில் அது நேராகக் கிலோமீட்டரைத் தின்னும்.

ஸ்டாண்டர்ட் 2000 காரின் கதையையும் மறந்துவிடாதே. 1985ல் ரோவர் எஸ்.டி.1 என்ற இங்கிலாந்து காரின் உடலை நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு அழகான, தாழ்வான, வழுக்கும் உடல்! நம் ரோட்டுக்காக அதைத் தூக்கிவைத்து, உள்ளே பழைய 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். தூக்கியதும் அடியில் காற்று புகும், அந்த உடல் வரைந்தவர் நினைத்த கணக்கே மாறிவிடும். சில வருஷத்தில் கார் நின்றுபோனது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

2024 செப்டம்பரில் நம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தோலுக்கும் செருப்புக்கும் பேர்போன நம் ராணிப்பேட்டையில் கார்! கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். என்றைக்காவது அந்தப் பக்கத்திலிருந்து தாழ்வான, இலேசான, நாலு பேர் வசதியாக உட்காரும் ஒரு வண்டி வர வேண்டும் என்பது என் ஆசை. அதில் நீ இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை ரிசல்ட் அனுப்பும்போது சி.டி. மட்டும் எழுதாதே கண்ணு. முகப்புப் பரப்பையும் பக்கத்தில் எழுது, பெருக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா