மரக்கடையில் ஒரு மச்சு

பாப்பாவுக்கு,

தாத்தாவின் பழைய மரக்கடையை வீடாக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. நீ அனுப்பிய வரைபடத்தில் ஒரு இடத்தில் கை வைத்துவிட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்துவிட்டுக் கத்தாதே.

மலை தெரியட்டும் என்று மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போடச் சொன்னாய் இல்லையா, போட்டோம். ஏப்ரலில் மத்தியானம் உள்ளே நிற்க முடியவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, தாத்தா வெறும் தூணும் ஓடுமாகக் கட்டி மூன்று பக்கம் சுவரே வைக்காமல் விட்டது காசில்லாமல் அல்ல. அறுத்த தேக்கை இடையிடையே ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை கொடுத்து அடுக்கி மாதக்கணக்கில் காற்றில் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் கதவாகப் போன பிறகு முறுக்கிக்கொள்ளும். காற்றுக்காகவே கட்டியதை நாம் டப்பா மாதிரி அடைத்துவிட்டோம். அதனால் மேலே 3 அடிக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரச்சட்டமும் கொசுவலையும் அடித்தாயிற்று. ஓட்டுக்கு அடியில் சீலிங் ஓடு ஒரு வரிசை. செங்கோட்டைச் சாரல் சும்மா விடாது என்பதால் கூரையையும் வெளியே 2 அடி இழுத்திருக்கிறோம். இப்போது கணவாய்க் காற்று நேராக உள்ளே வருகிறது.

முதலில் வந்த இன்ஜினியர் எல்லாவற்றையும் இடித்துத் தளம் போட்டுவிடலாம் என்றார். ஆசாரி ஒன்றும் பேசவில்லை, உளிப்பிடியால் ஒவ்வொரு உத்திரத்தையும் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். இரண்டுதான் பொக்கை. மற்றதில் வெளிப்புற வெள்ளைப் பகுதியை மட்டும் கரையான் தின்றிருந்தது, உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் அப்படியே இருக்கிறது. அந்த இரண்டுக்கும் பின்கட்டில் கிடந்த பழைய மரமே போதுமாக இருந்தது.

நீ லாஃப்ட் என்கிறாய், ஆசாரிக்கு அது மச்சு. 9 அடி உயரத்தில் பாதி அகலத்துக்குத்தான். ஏணிப்படி கொஞ்சம் செங்குத்து, அம்மா ஏற மாட்டாள், ஆகவே அது உன் அறை. ஜன்னலில் கொல்லம் ரயில் மலைப்பக்கம் போவது தெரியும்.

மினிமல் விஷயத்தில் உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் வரவில்லை. பீரோ வேண்டாம் என்றாய், சரி என்றாள். மறுநாள் எவர்சில்வர் அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர் எல்லாம் மச்சுக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டன. நீயே பேசிக்கொள்.

தூண்களை இழைத்துப் பாலிஷ் போட வந்தவரை மூன்றாம் தூணில் மட்டும் கை வைக்க விடவில்லை. தாத்தாவின் பென்சில் கணக்கு அதில்தான் இருக்கிறது. சுற்றளவை அடியாக்கி நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார், அதுதான் கன அடி. 60 அங்குலச் சுற்று, 12 அடி நீளம், 17.75 என்று எழுதியிருக்கிறார். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், 18.75 வருகிறது. அந்த ஒரு கன அடி தேக்கு யார் வீட்டுக்குப் போனதோ.

டிக்கெட் போட்டதும் சொல்.

அப்பா