ஆற்றைப் பிடித்துக்கொண்டு வாரும்

அம்பாசமுத்திரம்
ஐப்பசி

அன்பு நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கார்த்திகையோடு வேலை முடிகிறது, தை மாதம் மதினியையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் நம்ம பக்கம் வருகிறீர் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. ஆனால் கூட வைத்து அனுப்பியிருந்தீரே ஒரு பட்டியல், வாடகைக் கார் பிடித்து நாளொன்றுக்கு ஐந்து ஊர் என்று, அதைக் கிழித்துப் போடும் வே.

ஏன் என்று சொல்கிறேன். நம்ம பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் காலை ஏழு, ஏழரைக்குத் திறந்து பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் நடை சாத்தும். மறுபடி திறக்க ஐந்து மணி. சின்ன ஊர் என்றால் அதுவும் கிடையாது. ஒரே பட்டர் இரண்டு மூன்று கோயிலைப் பார்ப்பார். நைவேத்தியம் முடித்துக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த ஊருக்குச் சைக்கிளில் போய்விடுவார். ஆக ஒரு நாளில் உமக்குக் கிடைப்பது காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் இரண்டரை மணி நேரம். ஐந்து ஊர் போட்டால் மூன்று ஊரில் பூட்டைத்தான் பார்ப்பீர். காலையில் ஒன்று, பக்கத்திலேயே இன்னொன்று, சாயங்காலம் தங்கியிருக்கிற ஊரிலேயே ஒரு நடை. அவ்வளவுதான் போட வேண்டும்.

பட்டியலுக்குப் பதிலாக ஆற்றைப் பிடித்துக்கொள்ளும். பொதிகையில் இறங்குகிற தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் சேரும்வரை எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நீரும் மதினியும் பார்க்க வருகிற ஊர்களில் முக்கால்வாசி இந்த அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கிறது. வாய்க்கால், அதற்கு முதுகைக் கொடுத்த தெரு, தெரு முனையில் கோயில், கோயிலுக்கு முன்னால் தேர் நிற்கிற தேர்முட்டி, ஊருக்கு வெளியே வயல். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் எந்த ஊரிலும் வழி கேட்காமல் நடக்கலாம். கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறுகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படுவதே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆற்றின் இரண்டு பாதிக்கும் இரயில் இருக்கிறது. மேல்பாதிக்குத் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர்: பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம். கீழ்பாதிக்குத் திருச்செந்தூர் வண்டி: பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், காயல்பட்டினம். அதனால் ஐந்து நாள் அம்பாசமுத்திரத்தில், அதாவது நம்ம அம்பையில், தங்கும், நாலு நாள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் தங்கும். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை. பாசஞ்சர் நாளைக்குச் சில தடவைதான் ஓடும். காலையில் இரயிலில் போய், திரும்பும்போது பஸ் பிடிப்பதுதான் தோது. சாதாரண டவுன் பஸ்ஸில் மதினிக்கு டிக்கெட் கிடையாது, உமக்கு மட்டும்தான்.

அம்பையிலிருந்து முதல் நாள் பிரம்மதேசமும் மன்னார்கோயிலும். இரண்டும் ஒரே திசை, ஆட்டோவைக் காத்திருப்போடு பேசிக்கொள்ளும். பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில் ஊரின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெரிது. அங்கே கங்காளநாதர் சிற்பத் தொகுதியை விட்டுவிடாதீர். மன்னார்கோயில் ராஜகோபாலசுவாமி கோயில் ராஜேந்திர சோழன் பெயரால் ராஜேந்திர சோழ விண்ணகர் என்று சேர அரசன் கட்டியது. அஷ்டாங்க விமானம், நின்ற, இருந்த, கிடந்த கோலம் மூன்றும் அடுக்கடுக்காக. மேல்தளப் படி குறுகல், உயரமும் ஒரே சீராக இருக்காது. மதினிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர். அவர் கீழேயே சேவித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் முழுவதையும் திருப்புடைமருதூருக்கு ஒதுக்கும். கடனா நதி தாமிரபரணியில் கலக்கிற இடம், நாறும்பூநாதர் கோயில். வெளியே பார்த்தால் வழக்கமான ஐந்து நிலைக் கோபுரம். உள்ளே ஏறினால் ஒவ்வொரு நிலையிலும் மரத்தூண், மரச் சிற்பம், சுவர் நிறைய 16-ஆம் நூற்றாண்டு ஓவியம். விஜயநகரப் படையும் திருவிதாங்கூர்ப் படையும் 1532 வாக்கில் தாமிரபரணிக் கரையில் மோதிய போரைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கப்பலில் குதிரை வந்து இறங்குகிற காட்சியும் உண்டு. தமிழ்நாட்டில் வேறெங்கே பார்க்க முடியும் இதை?

அங்கே தவறு நேர்வது இப்படித்தான்: கோபுரக் கதவு பூட்டியிருக்கும். நேரே போய் நின்றால் திறக்க மாட்டார்கள், அது சரியும்கூட. முதல் நாளே கோயில் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கி, ஆள் வருகிற நேரத்தையும் கேட்டுக்கொள்ளும். உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம், ஏணி போன்ற மரப்படி. ஒரு கைவிளக்கு அவசியம். அதையும் ஓவியத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மரச் சிற்பத்தின் செதுக்கு தெரியும். ஃபிளாஷ் போட வேண்டாம். சுவரில் சாய்வதோ தொடுவதோ கூடவே கூடாது. கை வியர்வை பட்டு உதிர்ந்த வர்ணத்தை யாரும் திருப்பி ஒட்ட முடியாது.

கல்வெட்டுக்கும் இதே சாய்ந்த வெளிச்சம்தான். காலை எட்டு மணிக்கு முன்போ சாயங்காலம் ஐந்துக்கு மேலோ போனால் அதிட்டானத்து, அதாவது கோயில் அடித்தளத்து, எழுத்து தானாக எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று சுண்ணாம்புக்கட்டியோ விபூதியோ தேய்க்கிறார்கள் சிலர், பாவம் அந்தக் கல். சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் போன எழுத்து ஏராளம்.

கல்லிடைக்குறிச்சிக்கு அம்பையிலிருந்து ஆற்றுப்பாலத்தைக் கடந்தால் போதும். அங்கே தெருவை மட்டும் நடந்து பாரும்: தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை என்று வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நேர்கோட்டில் போகிற வீடுகள். காலை வெயில் ஏறும்போது போனால் அப்பளம் காயப் போட்டிருப்பதையும் பார்க்கலாம். இங்கே குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகர அருங்காட்சியகத்திலிருந்து 2019-இல் திரும்பி வந்தார். இதை நினைத்துக்கொண்டு அந்தச் சந்நிதிக்கு முன்னால் நின்று பாரும்.

பாரதியில் உமக்கு ஈடுபாடு உண்டே, கடையம் ஒரு காலைக்குப் போதும். செல்லம்மாவின் ஊர், 1918 முதல் 1920 வரை அவர் இருந்த ஊர். சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை பக்கம்தான். பாய் வாங்குவதானால் ஒரு விஷயம். கோரையை ஆற்று ஓட்டத்தில் ஊறப்போட்டு, உலர்த்தி, மயிரிழையாகக் கிழித்து நெய்வதுதான் பட்டுப்பாய். துணி மாதிரி மடியும், மடித்த இடத்தில் முறியாது. கடையில் விரித்துக் காட்டும்போது ஓரத்தை மடித்துப் பாரும். வெடுக்கென்று நின்றால் அது சாதாரணப் பாய். கல்யாணப் பாய் பெயர் பொறித்து வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நெசவுக்கு நாள் பிடிக்கும்.

இனி கீழ்பாதி. நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்கிறோம் என்று காரில் கூட்டிப்போகிறார்கள். ஒன்பதாவது கோயிலுக்கு வரும்போது முதல் பெருமாள் பெயர் மறந்திருக்கும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். வடகரை ஒரு நாள்: ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரண்டு கோயில் உள்ள இரட்டைத் திருப்பதி. தென்கரை ஒரு நாள்: திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை. ஸ்ரீவைகுண்டம் இரயிலடி இருப்பது தென்கரையில் புதுக்குடியில். ஊர் ஆற்றுக்கு அக்கரையில். இது தெரியாமல் இறங்கி வெயிலில் நடக்கிறவர்கள் உண்டு. இரயிலடியிலேயே ஆட்டோ பேசி வடகரை ஐந்து ஊரையும் முடித்துவிடும். ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதால் ஏழரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்குள் முடியும், கூட்டம் இல்லாத நாளாக இருந்தால். புரட்டாசிச் சனிக்கிழமை சிறப்புப் பஸ் விடுவார்கள். நம்ம வயசுக்கு அந்த நாள் ஆகாது.

திருப்புளிங்குடியில் சந்நிதியில் திருமுகத்தைச் சேவித்துவிட்டுப் போய்விடாதீர். கிடந்த பெருமாள் அவ்வளவு பெரியவர். திருவடியை வெளிப் பிராகாரத்துச் சன்னல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். திருக்கோளூரில் நெல் அளக்கிற மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் வைத்தமாநிதி. ஆழ்வார்திருநகரிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடும். உறங்காப்புளி என்கிற பழைய புளியமரத்தின் அடியில் உட்கார இடம் இருக்கிறது, நம்மாழ்வாரை அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பாசுரப் புத்தகம் கையில் கொண்டுவாரும்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் கிருஷ்ணாபுரமும் ஆதிச்சநல்லூரும். கிருஷ்ணாபுரம் நாயக்கர் காலத்துச் சிற்பத்தில் குறவன், ரதி, புருஷாமிருகத்தோடு பீமன், இவர்களை எல்லாரும் காட்டுவார்கள். நீர் நகத்தையும் நரம்பையும் நகையின் கொக்கியையும் பாரும். தூணைத் தட்டி ஓசை கேட்க வேண்டாம். தட்டித் தட்டியே நுனி உடைந்த விரல்களை அங்கேயே பார்ப்பீர். ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் தாழிக் காடு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழைய இடுகாடு. 2023-இல் அங்கேயே குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகள் கிடந்தபடியே பார்க்க வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் ஒரு மத்தியானம் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வாரும். வெறும் பரம்பாகத் தெரிகிற நிலம் அப்புறம் வேறு மாதிரித் தெரியும்.

கழுகுமலை ஆற்றை விட்டு விலகியதுதான், இருந்தாலும் அதை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ். வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மூன்று பக்கம் அகழ்ந்து, உச்சியிலிருந்து கீழாகச் செதுக்கியது. சிகரம் முடிந்திருக்கிறது, கீழே முடியவில்லை. முடியாமல் நின்றதனாலேயே தச்சன் எந்த வரிசையில் வேலை செய்தான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பக்கம் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது, எந்த ஊர் என்று பொறித்திருக்கிறது. மொட்டைப் பாறை, நிழல் கிடையாது. ஒன்பது மணிக்குள் மேலே இருக்க வேண்டும், பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். பிராகாரத்துக் கல்லும் அப்படித்தான் கொதிக்கும். தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளும்.

குளிக்கிற விஷயம். படித்துறை தவிர வேறெங்கும் இறங்காதீர். மணல் அள்ளிய இடத்திலெல்லாம் கசம், ஆழமான பள்ளம், விழுந்திருக்கிறது, மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். கடைசிப் படிகளில் பாசி வழுக்கும், உட்கார்ந்தே இறங்கும். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். கரையில் துவைக்கிறவர்கள் எழுந்து போனால் அவர்களைப் பார்த்து உடனே கரையேறிவிடும்.

தை சரியான மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியையும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17-ஐ ஒட்டி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலே நின்றுபோயிற்று. பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது. தைப்பூசம் என்றைக்கு வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்பின் மூன்று நாள் திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரை; அந்த நாட்களை அம்பைப் பக்கம் வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை.

டிக்கெட் 60 நாளுக்கு முன்தான் திறக்கும். தை மூன்றாம் வாரம் என்றால் பிப்ரவரி முதல் வாரம், ஆக டிசம்பர் முதல் வாரமே நெல்லை எக்ஸ்பிரஸில் போட்டுவிடும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது, அதை எதிர்பார்க்க வேண்டாம். கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது: ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது. ஒரே டிக்கெட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மருமகப்பிள்ளை கூட வருவதானால் அவருக்குத் தனியாகப் போடும்.

மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடித்துக்கொள்ளும். சின்ன ஊர் மெஸ்ஸில் இரண்டு மணிக்கு மேல் சோறு தீர்ந்துவிடும். மாத்திரையை ஒரே பையில் போடாமல் இரண்டு பையில் பிரித்து வையும்.

திருக்குறுங்குடி, நாங்குநேரி, மணப்பாடு மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவற்றை இந்தப் பத்து நாளில் நுழைத்தால் ஆழ்வார்திருநகரியில் உட்கார நேரம் இருக்காது. திருக்குறுங்குடிக்குக் கார்த்திகையில் கைசிக ஏகாதசி ராத்திரிதான் வர வேண்டும், அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுதும். திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்கு நான் முன்னாலேயே கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உம்ம பழைய சிநேகிதன்