பட்டியலில் சிசிலி எங்கே?

பலேர்மோ

அன்பு மகளுக்கு,

நீ வேலை செய்யும் ரெஸ்டாரண்டுக்காகப் போட்ட இத்தாலிய வைன் பட்டியலைப் பார்த்தேன். பரோலோ, புருனெல்லோ, கியான்தி, எல்லாம் வடக்கும் நடு இத்தாலியும். நல்ல வைன்கள்தான், யார் இல்லையென்றது? ஆனால் சிசிலித் தீவில், இந்தப் பலேர்மோவில் வளர்ந்த பிள்ளையின் பட்டியலில் சிசிலி வைன் ஒன்றுகூட இல்லையே!

நான் இங்கே சமையலறை வேலைக்குச் சேர்ந்தபோது சிசிலி வைனுக்குப் பெரிய மதிப்பில்லை. வெயிலில் பழுத்த திராட்சை, நிறமும் அதிகம், போதையும் அதிகம். வடக்கே சோகையான வைனோடு கலக்க மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். எடைக்குத்தான் காசு என்றால் எந்தத் தோட்டக்காரன் ருசிக்காகக் குலையைக் குறைப்பான்? 1986இல் வடக்கே மலிவு வைனில் மெத்தனால் கலந்து இருபது பேருக்குமேல் செத்தார்கள். ஏற்றுமதி படுத்துவிட்டது. மலிவை நம்பிப் பிழைக்க முடியாது என்று பலருக்கு உறைத்தது அப்போதுதான். 1992இல் வைன் சட்டத்தையும் திருத்தினார்கள்.

இங்கே சிசிலியில் எட்னா எரிமலையின் வடக்குச் சரிவில், ரன்தாட்சோ ஊர்ப் பக்கம், 600 மீட்டருக்கு மேலே தோட்டங்கள் இருக்கின்றன. எரிமலை மணலில், திராட்சை வேரை அழிக்கும் ஃபிலோக்ஸெரா பூச்சி லேசில் பரவாது. அதனால் நூறு வயதுக் கொடிகள் சில இன்றும் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பந்தல் கிடையாது, கல் அடுக்கிய படிகளில் தனித்தனிச் செடி, முழுக்கக் கைவேலை. அதற்குப் பயந்தே பலர் கைவிட்டுப் போனார்கள். 1988இல் பெனான்தி குடும்பம் அங்கே வைன் தயாரிப்பில் இறங்கியபின் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அங்கே விளையும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சை வைனின் வெளிறிய சிவப்பைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைக்காதே. புளிப்புச் செர்ரி வாசனை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. லேசாகக் குளிர்வித்துச் சூரை மீனோடு கொடுத்துப் பார். வெள்ளை வைனில், எட்னாவின் மீலோ ஊரில் விளையும் கரிக்கான்தே திராட்சை. புளிப்பு தூக்கலாக இருப்பதால் பல வருடம் தாங்கும். (அம்மா வைனைத் தொடமாட்டா, கேக்குக்கு மர்சாலா என்ற சிசிலி வைனை ஊற்றும்போது மட்டும் கை தாராளம்.)

எட்னா விலையும் இப்போது ஏறிவிட்டது, சரி. கிளாஸில் ஊற்றி விற்க சிசிலியிலேயே வித்தோரியா ஊர்ப் பக்கத்து ஃப்ரப்பாத்தோ என்ற சிவப்பு வைனைப் போடு. பரோலோ விளையும் வடக்குப் பகுதியான பியெமொன்தேதான் வேண்டும் என்றால், அழியவிருந்து 1980களில் வால்தெர் மாஸ்ஸா என்ற தோட்டக்காரர் மீட்டெடுத்த திமொராஸ்ஸோ திராட்சையின் வெள்ளை வைனைக் கேள்.

பரோலோவை எடுக்கச் சொல்லவில்லை. கியான்தி மூன்று இருக்கிறது, இரண்டைத் தூக்கு. முதலாளி மறுத்தால் ருசி பார்க்க ஒரு போத்தல் திறக்கச் சொல். இங்கத்தைய விலையை விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா