பெற்றோர் கூட்டத்தில் பெற்றோர் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பையும் மனநலத்தையும் பற்றி நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியும் வீடும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்கிறது கட்டுரை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இரு தரப்பும் சேர்ந்து உட்காரும்போது யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை என்று நினைக்கிறேன்.

பெற்றோர் கூட்டம் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? தாயோ தகப்பனோ வரிசையில் காத்திருந்து ஆசிரியருக்கு எதிரே வந்து உட்காருகிறார். ஆசிரியர் மதிப்பெண் அட்டையை எடுக்கிறார். கணக்கில் கவனம் போதாது, கையெழுத்து சரியில்லை, பக்கத்தில் இருப்பவனோடு பேச்சு நிற்பதில்லை, வீட்டில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தலையாட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறார், எழுந்து போகிறார். அடுத்தவர் வருகிறார். அந்தப் பிள்ளையைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர் வாயே திறக்கவில்லை. எதைக் கண்டால் அவளுக்குப் பயம், யார் சொன்னால் கேட்பாள், எந்த வேலையைக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பாள், சில நாட்களாக ராத்திரி ஏன் தூங்குவதில்லை என்பதெல்லாம் வந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகின்றன. வகுப்பாசிரியருக்கு ஆண்டு முழுவதும் கைகொடுக்கக்கூடிய விவரங்கள் அவை.

வீடு ஒரு சூழல், பள்ளி ஒரு சூழல் என்பதோடு நிற்காமல், இரண்டுக்கும் இடையே இருக்கும் உறவும் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு சூழலே என்று யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர் 1979-இல் விளக்கினார். வகுப்பில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். பிள்ளையின் கஷ்டத்தில் பாதி வீட்டுக்குத் தெரியும், பாதி பள்ளிக்குத் தெரியும். காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுவதை வீடு பார்க்கிறது. விளையாட்டு நேரத்தில் சுவரோரமாகத் தனியே நிற்பதைப் பள்ளி பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, அவனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லையோ, யாராவது மிரட்டுகிறார்களோ என்ற சந்தேகம் வரும். தனித்தனியே பார்த்தால் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர், பள்ளியில் கூச்சம் என்று பெயர்.

வீட்டில் நடப்பதைப் பள்ளியிடம் சொல்லப் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை, பாட்டி இறந்ததிலிருந்து பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கிறாள் என்பதையெல்லாம் யாரை நம்பிச் சொல்வது? சொன்னது ஆசிரியர் அறையில் பேச்சாகிவிடக் கூடாது. மற்றப் பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. இப்போது வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடுமுறை அறிவிப்புக்கு அது போதும். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ குறையையோ அதில் போடுவது எந்தக் காரணத்தாலும் தகாது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அந்தக் குடும்பம் அதன் பிறகு பள்ளியிடம் மனம் திறக்காது. அதைப் பார்த்த மற்றக் குடும்பங்களும் திறக்க மாட்டா.

ஜேம்ஸ் கோமர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் பணியைத் தொடங்கினார். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகள் அவை. படிப்பிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தன. பெற்றோரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. கோமர் பள்ளியை நடத்தும் குழுவிலேயே பெற்றோரை உட்கார வைத்தார். பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கத் தனிக் குழு அமைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்தார்: சிக்கலைப் பேசும்போது யார்மீதும் பழி போடக் கூடாது. ஆண்டுகள் போகப் போக அங்கே பிள்ளைகளின் வருகையும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. பிறகு எத்தனையோ பள்ளிகள் அந்த முறையைக் கைக்கொண்டன.

அந்த ஒரு விதி எவ்வளவு பெரியது என்பது வகுப்பறையை விட்டு வந்த பிறகு எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. "நீங்கள் வீட்டில் பார்ப்பதில்லை", "நீங்கள் பள்ளியில் சொல்லித்தருவதில்லை" என்று இரு பக்கமும் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது கஷ்டமாக இருக்கிறது, நாம் என்ன செய்யலாம்?" என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் இரண்டு யோசனையாவது வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளியும் வீடும் ஒன்றுசேர்வது எப்போதும் பிள்ளைக்கு நன்மையாக முடிவதில்லை. இரண்டு பெரியவர்கள் மாறி மாறிக் குறை சொல்ல, நடுவில் தலையைத் தொங்கப்போட்டபடி ஒரு பிள்ளை நிற்பதை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். பள்ளியில் சொன்ன புகார் அன்று ராத்திரி வீட்டில் அடியாக விழுகிறது. அடுத்த நாள் அவன் வகுப்பில் அமைதியாக இருப்பான். அதைத் திருந்திவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம், பிள்ளையோ இரண்டு இடத்திலும் தனக்கு யாருமில்லை என்று முடிவு செய்திருப்பான். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். "உனக்கு எந்த நேரம் பிடிக்கும், எந்த நேரம் பிடிக்காது?" என்று கேட்டுப் பாருங்கள், மதிப்பெண் அட்டையில் இல்லாதது வரும்.

வீட்டில் படிப்பறிவு இல்லை, அவர்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் அவருடன் இருந்தவர்களும் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் போனார்கள். அறிவுரை சொல்லப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், கட்டட வேலை, வியாபாரம், பழுதுபார்ப்பு, மூலிகை வைத்தியம் என்று வீடுகளில் நிறைந்திருந்த அறிவைக் கண்டார்கள். ஒரு மாணவன் மிட்டாய் விற்று வந்ததை அறிந்த ஆசிரியை, மிட்டாயை வைத்தே கணக்கும் அறிவியலும் பாடமாக அமைத்தார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்துகாட்டினார். தன் வீட்டார் ஆசிரியருக்கே ஒன்றைச் சொல்லித்தருவதைப் பார்க்கும் பிள்ளை, அதன் பிறகு வகுப்பில் எப்படி நிமிர்ந்து உட்காரும்!

கூட்டத்துக்கு வராத பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்கள்மேல் முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர், ஷிப்ட் வேலை பார்ப்பவர், தன் பள்ளி நாட்களில் பட்ட அவமானத்தால் பள்ளி வாசலை மிதிக்கவே அஞ்சுபவர் இவர்களில் இருக்கிறார்கள். இங்கிலாந்து அரசுக்காகக் கல்விப் பேராசிரியர் சார்லஸ் டெஸ்ஃபோர்ஜஸ் 2003-இல் தொகுத்தளித்த ஆய்வறிக்கை, பெற்றோர் பள்ளிக்கு வருவதைவிட வீட்டில் பிள்ளையோடு பேசுவதும் ஊக்கம் தருவதுமே படிப்புக்குப் பெரிதும் உதவுகின்றன என்று கண்டது. அதுவும் தொடக்கப் பள்ளி வயதில், பள்ளிக்குப் பள்ளி உள்ள தரவேறுபாட்டைவிட இந்த ஈடுபாட்டின் பாதிப்பே அதிகம் என்கிறது. வேலை முடிந்து வந்து, நடந்ததைப் பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் பள்ளிக்கு வராமலே பெரிய உதவி செய்துகொண்டிருக்கிறாள். மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அவளோடு பேசிவிடலாம். அந்த அழைப்பு முதல் தடவை ஒரு நல்ல செய்தியோடு போகட்டும்.

வீட்டுப்பாடம் பற்றி நீட்ட விரும்பவில்லை. சின்ன வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்பதை ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. "நேரமாகிவிட்டது, தூங்க வைத்துவிட்டேன்" என்று ஒரு தாய் டைரியில் எழுதி அனுப்பினால் அதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் வேண்டும். அப்படி எழுதலாம் என்ற தைரியத்தைப் பள்ளியே முன்வந்து தர வேண்டும்.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. ஆண்டின் முதல் கூட்டத்தை மதிப்பெண் வருவதற்கு முன்பே, முதல் மாதத்திலேயே வையுங்கள். அதில் ஆசிரியர் கேட்கட்டும், குறித்துக்கொள்ளட்டும். உங்கள் பிள்ளை எதில் கெட்டி, எதற்கு அழும், வீட்டில் இப்போது ஏதாவது மாற்றம் உண்டா, அவளிடம் எப்படிப் பேசினால் நல்லது என்ற நான்கு கேள்விகள் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் இதற்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். உண்மைதான், அதனால்தான் இதை ஆசிரியரின் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல், நிர்வாகம் அவருடைய வேலை நேரத்துக்குள்ளேயே இதற்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்கிறேன்.

நம் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பற்றி நிபுணர்கள் எழுதும் பக்கங்களில் பெற்றோருக்கும் இடம் கொடுங்கள். "பிள்ளையைப் பற்றி ஆசிரியர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் இதுவரை கேட்காத கேள்வி எது?" என்று கேட்டு, வரும் பதில்களை ஊர் பெயரோ பள்ளிப் பெயரோ இல்லாமல் வெளியிடுங்கள். வகுப்பாசிரியர்கள் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை